பாதரசமும் தொழிலாளியின் நரம்புகளும்

அறையின் சாதாரண வெப்பத்தில் திரவமாக நிற்கும் உலோகம் பாதரசம் ஒன்றே என்பதையும், நீரினும் பதின்மூன்றரை மடங்கு கனமான அத்திரவம் தொட்ட இடத்தில் ஒட்டாது உருண்டோடும் என்பதையும் பள்ளிப் பருவத்திலேயே அறிந்துகொள்கிற நாம், அந்த உருண்டைகள் மேஜையின் மீது கிடக்கும் ஒவ்வொரு கணமும் கண்ணுக்குப் புலனாகாத ஆவியை விட்டுக்கொண்டே இருக்கின்றன என்ற உண்மையை மாத்திரம் பெரும்பாலும் கேள்விப்படாமலே வளர்ந்துவிடுகிறோம். அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை, அம்மோனியாவைப் போலவும் குளோரினைப் போலவும் தொண்டையைக் கமறச் செய்து மனிதனை வெளியே துரத்தும் குணமும் இல்லை. எட்டு மணி நேரம் அதைச் சுவாசித்துவிட்டு வீடு திரும்பும் தொழிலாளி, தலைவலிகூட இல்லாமல் உண்டு உறங்கி, மறுநாள் அதே பலகையின் முன் வந்து உட்காருகிறான். மாதங்கள் சென்று, சில சமயம் வருஷங்கள் சென்று, ஒரு நாள் காபி டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோகையில் அவன் விரல்கள் நடுங்குகின்றன.

பாதரசத்தை விழுங்கினால்தான் ஆபத்து என்று எண்ணுவோர் பலர். உலோக வடிவிலுள்ள பாதரசம் தவறி வயிற்றுக்குள் சென்றுவிட்டால், அதில் பதினாயிரத்தில் ஒரு பங்குகூட இரத்தத்தில் கலப்பதில்லை; எஞ்சியது மலத்தோடு கழிந்துவிடும். மூச்சோடு உட்சென்ற ஆவியிலோ நூற்றுக்கு எண்பது பங்கு நுரையீரலின் மெல்லிய சவ்வுகளைக் கடந்து இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. 20 டிகிரி வெப்பமுள்ள மூடிய அறையில் பாதரசம் திறந்து கிடந்தால், அவ்வறையின் காற்று கனமீட்டருக்கு 13 அல்லது 14 மில்லிகிராம் வரையில் ஆவியை ஏற்கும். 30 டிகிரியில் அந்த அளவு இரண்டு மடங்கையும் தாண்டும். அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர் சபை எட்டு மணி நேர வேலைக்கு இன்று அனுமதிக்கும் உச்ச அளவு கனமீட்டருக்கு 0.025 மில்லிகிராம் என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால், ஜன்னல் சாத்திய ஓர் அறையில் அளவு எத்தனை நூறு மடங்கு மிஞ்சிப் போகக்கூடும் என்பது விளங்கும். கீழே விழும் ஒரு துளி சிதறி நூற்றுக்கணக்கான நுண்துளிகளாகித் தரையின் விரிசல்களிலும் பலகை இடுக்குகளிலும் புகுந்துகொள்வதாலும், துளிகள் சிறிதாகச் சிறிதாக ஆவி எழும் பரப்பு பெருகிக்கொண்டே போவதாலும், பெருக்கித் துடைத்த பின்னரும் அந்த இடம் நெடுநாள் ஆவியை வெளியிட்டவண்ணம் இருக்கும்.

இரத்தத்தில் சேர்ந்த பாதரசம் மூளையைத் தேடிச் செல்லும் விதம் சரீர சாஸ்திரத்தின் விசித்திரங்களில் ஒன்று. இரத்தத்தில் மிதக்கும் கண்ட பொருளெல்லாம் உட்புகாதபடி மூளையின் நுண்குழாய்களைச் சுற்றி இயற்கை ஒரு காப்பு அமைத்திருக்கிறது. மின்னேற்றம் பெற்ற உலோக அணுக்களை அக்காப்பு பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் ஆவியாக வந்த பாதரச அணுவுக்கு மின்னேற்றம் இல்லை. கொழுப்பில் எளிதில் கரைவது அதன் இயல்பு. ஆகவே அது தடையின்றி உள்ளே நுழைகிறது. நுழைந்த இடத்தில், உடலின் நன்மைக்காகவே அமைந்த காட்டலேஸ் என்னும் நொதி அதை ஆக்ஸிகரணம் செய்து, மின்னேற்றம் பெற்ற அணுவாக மாற்றிவிடுகிறது. மாறிய பின் திரும்பிச் செல்ல வழியில்லை. வாய்க்காலில் வைத்த பறிக்குள் நீரோட்டத்தோடு நுழைந்த மீனின் கதிதான் அதற்கும். சிக்கிய அணு சும்மா இருப்பதில்லை. புரதங்களில் கந்தகமும் ஹைட்ரஜனும் இணைந்து நிற்கும் இடங்களின் மீது பாதரசத்துக்கு உள்ள பற்று மிகத் தீவிரமானது. நொதிகள் பலவும் தம் தொழிலைச் செய்வது அவ்விடங்களைக் கொண்டே ஆகையால், அவை ஒவ்வொன்றாகச் செயலிழக்கின்றன. முதுகெலும்பின் அடியிலிருந்து கால்விரல் வரையில் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் ஓடும் நரம்பிழைகளில், போஷணைப் பொருள்களைச் சுமந்து செல்லும் நுண்குழல்கள் எந்தப் புரதத்தால் ஆனவையோ அதையும் பாதரசம் கட்டுக்குலைத்துவிடுகிறது. நீளமான நரம்பே முதலில் பட்டினி கிடக்கும். ஆதலால்தான் பாதங்களிலும் விரல் நுனிகளிலும் மரமரப்பு முன்னதாகத் தோன்றுகிறது.

இந்நோயின் கைந்நடுக்கத்தைக் கூர்ந்து கவனித்தவர்கள் அதற்குத் தனி இலக்கணம் உண்டென்று கண்டிருக்கிறார்கள். மடியில் கை ஓய்ந்திருக்கும்போது நடுக்கம் மெலிதாகவே இருக்கும். ஊசியில் நூல் கோக்கவோ, சட்டைப் பொத்தானை மாட்டவோ, மூக்கின் நுனியை விரலால் தொடவோ முயலும்போது, குறியை நெருங்க நெருங்க அது பெருகும். உறக்கத்தில் அறவே மறைந்துவிடும். விரல்களில் ஆரம்பித்து, கண்ணிமைக்கும் உதட்டுக்கும் நாவுக்கும் பரவி, முற்றிய நிலையில் கைகால் முழுவதையும் உலுக்கும். மருத்துவர் நோயாளியிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுருள் வட்டம் ஒன்று வரையச் சொல்கிறார். நோயற்ற கை வரையும் கோடு வழுவழுப்பாகச் சுற்றிச் செல்லும். பாதரசம் ஏறிய கை வரைந்த சுருளிலோ கோடு முழுவதும் ரம்பப் பற்கள் முளைத்திருக்கும். வட்டம் பெரிதாகுந்தோறும் பற்களும் பெரிதாகும். பேனாவை இறுகப் பிடித்து நடுக்கத்தை அடக்க அவன் முயன்றிருந்தால், சில இடங்களில் காகிதம் கிழிந்தும் இருக்கும்.

நடுக்கத்தையாவது வியாதி என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள். அதனோடு கூடவே, சில வேளை அதற்கும் முன்பாகவே, தோன்றுகிற குணமாற்றத்தை வியாதியென்று அறிவது மிகவும் அரிது. 1861-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அடால்ஃப் குஸ்மால் என்னும் மருத்துவர், அந்நகரிலும் அருகிலுள்ள ஃபூர்ட், நூரம்பர்க் நகரங்களிலும் கண்ணாடிக்கு ரசம் பூசும் தொழிலில் ஈடுபட்டிருந்தவர்களை ஆராய்ந்து ஒரு பெருநூல் வெளியிட்டார். தகரத் தகட்டை மேஜையில் விரித்து, அதன் மேல் பாதரசத்தைக் குளமாக ஊற்றி, கண்ணாடிப் பலகையை அதன்மீது நழுவவிட்டு அழுத்தி, மிஞ்சிய ரசம் வழிந்தோடும்படி நாட்கணக்கில் சாய்த்து வைப்பது அத்தொழிலின் முறை. அந்தத் தொழிலாளரிடம் குஸ்மால் கண்ட மனநிலையை மருத்துவர்கள் எரெதிசம் என்று அழைக்கிறார்கள். தனியே இருக்கையில் தன் வேலையை ஒருவாறு செய்து முடிக்கிறவன், பிறர் கவனிக்கிறார்கள் என்று தெரிந்த மாத்திரத்தில் முகம் சிவந்து, நாக் குழறி, கைத் தொழிலையே மறந்தவனாகிவிடுகிறான். அந்நியரைக் கண்டால் ஒளிகிறான். அற்ப விஷயத்துக்கும் சீறுகிறான், சீறியபின் அழுகிறான். இரவில் உறக்கம் இல்லை. பகலில் ஞாபகம் இல்லை. ஈறு வீங்கி, உமிழ்நீர் பெருகி, பல் ஆடும் வாய் நோய் ஒன்றே இவற்றோடு சேர்ந்து வரும்போது விஷயத்தைக் காட்டிக்கொடுக்கும். குறைந்த அளவு ஆவியை நெடுங்காலம் சுவாசித்தவர்களிடம் அந்த அடையாளமும் வருவதில்லை.

இந்தக் குணமாற்றமே இந்நோயின் மிகக் கொடிய அம்சம் என்பது என் அபிப்பிராயம். காலொடிந்த தொழிலாளிக்கு அனுதாபம் கிடைக்கும். நரம்பு கெட்ட தொழிலாளிக்குக் கிடைப்பது பெரும்பாலும் கெட்ட பெயர். கை நடுங்கினால் குடிகாரன் என்பார்கள். சீறினால் துஷ்டன் என்பார்கள். சொன்னதை மறந்தால் சோம்பேறி என்பார்கள். மனைவியும் மக்களும்கூட அவன் சுபாவமே அப்படி மாறிவிட்டதாக நம்பத் தொடங்குவார்கள். மூளையில் தங்கிய ஓர் உலோகம் செய்த வேலையை அவனுடைய நடத்தையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். தன் நிலையைத் தானே எடுத்துச் சொல்லக்கூடிய தைரியத்தையும் அந்த நோயே பறித்துவிடுவதால், மறுத்துப் பேசவும் அவனால் இயலாது.

அறியாமல் நேர்ந்தது என்று சொல்லித் தப்பவும் இடமில்லை. ஸ்லோவீனியா நாட்டின் இட்ரியாவில் 1490-ஆம் ஆண்டு வாக்கில் பாதரசச் சுரங்கம் தோன்றியது. அங்கே 1665-லேயே சுரங்கத் தொழிலாளரின் வேலை நேரம் நாளொன்றுக்கு ஆறு மணியாகக் குறைக்கப்பட்டது. தொழில் நோயைக் கருதி வேலை நேரத்தைக் குறைத்த மிகப் பழைய விதிகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில், தங்க முலாம் பூசுவோர் பாதரசப் புகையால் தலைசுற்றலும் பக்கவாதமும் அடைந்து முதுமை காணாமல் மடிவதைக் குறித்திருக்கிறார். நோயாளியிடம் அவன் என்ன தொழில் செய்கிறான் என்று தவறாமல் கேட்கும்படி வைத்தியர்களுக்கு அறிவுறுத்தியவரும் அவரே. இட்ரியாவின் முதல் சுரங்க மருத்துவராக 1754-ல் வந்த ஸ்கோபோலி, அங்கு கண்ட நடுக்க நோயை 1761-ல் நூலாகவே எழுதி வைத்தார்.

இவ்வளவு அறிந்த பின்னும் தொப்பித் தொழிலில் நடந்ததை நினைத்தால் நெஞ்சு வேகிறது. முயல், பீவர் முதலிய பிராணிகளின் ரோமத்தை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளச் செய்து கம்பளமாக்கினால்தான் தொப்பிக்கு வேண்டிய துணி கிடைக்கும். ரோமத்தின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருப்பதால் அது எளிதில் பின்னிக்கொள்ளாது. பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துத் தோலின்மீது பூசி உலர்த்தினால் ரோமத்தின் நுண்செதில்கள் முரடாகும். நுனிகள் காரட் கிழங்கின் நிறம் பெறும். பிறகு வெந்நீரிலும் நீராவியிலும் நனைத்துத் திரட்டத் திரட்ட அவை இறுகிக்கொள்ளும். உலர்த்தும் அறையிலும், ரோமத்தை ஊதிப் பிரிக்கும் அறையிலும், ஆவி பறக்கும் தொட்டிகளின் அருகிலும், குளிருக்காகக் கதவு சாத்தி வேலை செய்தவர்கள் நாள் முழுவதும் பாதரசத்தைச் சுவாசித்தார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள டான்பரி நகரம் இத்தொழிலின் தலைநகராக விளங்கிற்று. கைகால் உதறலுக்கு அந்த ஊரின் பெயரே வழங்கும் அளவுக்கு அங்கே நோய் மலிந்திருந்தது. நியூஜெர்சி மாநிலத்துத் தொப்பித் தொழிலாளரிடையே இது பாதரச நோயே என்று ஃப்ரீமன் என்ற மருத்துவர் 1860-ல் தெளிவாக எழுதிவிட்டார். அதன் பின்னும் எண்பது வருஷங்கள் அந்த ரசாயனம் நீங்கவில்லை. கடைசியில் 1941 டிசம்பரில் அமெரிக்காவில் அதன் உபயோகம் நிறுத்தப்பட்டபோது, தொழிலாளரின் நரம்புகளைப் பற்றிய கவலையோடு, வெடிகுண்டுகளின் திரிமருந்துக்குப் பாதரசம் தேவைப்பட்டதும் சேர்ந்துகொண்டது. மாற்று ரசாயனங்கள் அதற்கு முன்பே கிடைத்துக்கொண்டிருந்தன.

இதுவரை சொன்னது உலோக ஆவியைப் பற்றியது. கரியணுக்களோடு பிணைந்த பாதரசம் வேறொரு வகை. அதன் கொடுமை இன்னும் அதிகம். இங்கிலாந்தில் விதைகளுக்குப் பூசணக்கொல்லி தயாரித்த தொழிற்சாலை ஒன்றில் மெதில் பாதரசத்தால் தாக்குண்ட நான்கு தொழிலாளரின் வரலாற்றை டொனால்ட் ஹண்டரும் அவர் சகாக்களும் 1940-ல் வெளியிட்டார்கள். கை கால் விரல்களிலும் உதட்டைச் சுற்றிலும் உணர்ச்சி மங்கியது, நடை தள்ளாடியது, பேச்சு குழறியது, பார்வை பக்கங்களிலிருந்து குறுகிக் குறுகி, நேரெதிரே உள்ளது மாத்திரம் தெரியும் நிலை வந்தது. அவர்களுள் ஒருவர் இறந்தபின் அவருடைய மூளையைப் பரிசோதித்தபோது, பார்வைக்குரிய பகுதியும் சிறுமூளையும் சுருங்கிப் போயிருந்தன. அந்தப் பரிசோதனையின் அறிக்கை 1954-ல் வெளிவந்தது. இரண்டே வருஷங்களில், 1956-ல், ஜப்பானின் மினமாட்டா கடற்கரையில் காரணம் விளங்காத நரம்பு நோய் ஒன்று மீனவக் குடும்பங்களிடையே பரவுவது வெளிப்பட்டது. 1958-ல் அங்கு சென்ற மெக்கால்பைன் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர், நோயாளிகளின் குறுகிய பார்வையையும் தள்ளாட்டத்தையும் கண்டு, இது ஹண்டர் வருணித்த தொழிலாளரின் நோயை ஒத்திருக்கிறது என்று சுட்டினார். மறுவருஷம் குமமோட்டோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கரிமப் பாதரசமே காரணம் என்று அறிவித்தனர். நான்கே நான்கு தொழிலாளரின் துன்பத்தைச் சிரத்தையோடு எழுதி வைத்திராவிட்டால், ஆயிரக்கணக்கானோரைத் தாக்கிய அந்த நோயின் காரணம் இன்னும் எத்தனை காலம் மறைந்திருக்குமோ!

இவ்வகை விஷம் உடனே தன்னைக் காட்டிக்கொள்ளாது என்பதற்கு டார்ட்மத் கல்லூரியின் ரசாயனப் பேராசிரியை கேரன் வெட்டர்ஹானின் மரணம் சாட்சி. 1996 ஆகஸ்டில் டைமெதில் பாதரசத்தின் சில துளிகள் அவருடைய ரப்பர் கையுறையின் மேல் விழுந்தன. அந்தக் கையுறையைத் துளிகள் கண நேரத்தில் ஊடுருவிவிடும் என்பது அப்போது அறியப்படாதிருந்தது. ஏறத்தாழ ஐந்து மாதம் நரம்பு நோயின் அறிகுறி எதுவும் அவரிடம் தோன்றவில்லை. ஜனவரியில் நடை தடுமாறியது. ஜூன் மாதத்தில் உயிர் பிரிந்தது.

சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நோயாளியை ஆவியிலிருந்து அகற்றுவதே தலையாய சிகிச்சை. தொடக்க நிலையில் அகற்றப்பட்டவர்களில் பலருக்கு நடுக்கம் சில மாதங்களில் தணிகிறது. பாதரசத்தைப் பற்றிக்கொண்டு சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்துகள் உண்டு. அவை இரத்தத்தையும் சிறுநீரகத்தையும் நன்கு சுத்தம் செய்யுமே தவிர, மூளைக்குள் சிக்கியதை அவ்வளவாக அசைப்பதில்லை.

நோயை நிரூபிக்கும் சாட்சியத்தின் சிக்கல் இங்கேதான் எழுகிறது. உடலில் சேர்ந்த பாதரசத்தில் பாதி சுமார் இரண்டு மாதத்தில் கழிந்துவிடும். வேலையை விட்டு ஓராண்டு கடந்தவனின் சிறுநீரில் மற்றவர்களுக்குள்ள அளவே காணப்படலாம். மூளையில் தங்கியதோ வருஷக்கணக்கில் இருக்கும்; அழிந்த நரம்பணு திரும்ப முளைப்பதில்லை. சோதனைக் குழாய் ஒன்றுமில்லை என்கிறது, கை நடுங்குகிறது. கொடைக்கானலில் 1980-களின் முற்பகுதியில், அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த இயந்திரங்களோடு தொடங்கப்பட்டு, பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசம் வந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் வழக்கை இந்த உண்மையை மனத்தில் வைத்துப் படிக்கவேண்டும். பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, ஊருக்குள் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்தது 2001 மார்ச்சில் வெளிப்பட்டு, ஆலை மூடப்பட்டது. அங்கு உழைத்தவர்கள் தங்களுக்கு நேர்ந்த நரம்புத் தளர்ச்சிக்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் பாதரசமே காரணம் என்றார்கள்; நிறுவனம் அதை மறுத்தே வந்தது. 2006-ல் சென்னை உயர்நீதிமன்றத்துக்குச் சென்ற விவகாரம், 591 முன்னாள் தொழிலாளர் சார்பில் 2016 மார்ச்சில் சமரசமாக முடிந்தது. ஆலை மூடிப் பல ஆண்டுகள் கழித்து ஒருவரின் உடலில் பாதரசம் இருந்ததா என்று தேடுவது, விஞ்ஞான ரீதியில் காலம் கடந்த தேடல். வேலை செய்த நாட்களில் அளந்து, அளந்ததைத் தொழிலாளியின் கையில் கொடுத்திருந்தால் அந்த வழக்குக்கே அவசியம் நேர்ந்திராது.

தொழிலாளியோடு இது முடிவதும் இல்லை. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்துத் தெர்மாமீட்டர் ஆலை ஒன்றில் வேலை செய்தவர்களின் குழந்தைகளை 1980-களில் பரிசோதித்தபோது, பிற குழந்தைகளைவிடப் பல மடங்கு பாதரசம் அவர்களின் சிறுநீரில் காணப்பட்டது. பெற்றோரின் உடையிலும் காலணியிலும் ஒட்டி அது வீட்டுக்குள் வந்திருந்தது. இன்றைய தினம் உலகில் பாதரசத்தால் மிகுதியும் பாதிக்கப்படுவோர் தொழிற்சாலைகளில் இல்லை, ஆற்றோரங்களில் இருக்கிறார்கள். பெரு, கானா, இந்தோனேஷியா முதலிய நாடுகளில், பொன்துகள் கலந்த மணலில் பாதரசத்தைக் கலந்து, திரண்ட ரசக்கலவையைத் திறந்த சட்டியில் சுட்டுப் பொன்னைப் பிரித்தெடுக்கும் ஏழைகள் கோடிக்கும் மேற்பட்டவர்கள். சட்டியிலிருந்து எழும் ஆவி நேரே அவர்கள் முகத்தில் அடிக்கிறது. மூடி போட்டு ஆவியைக் குளிர்வித்துத் திரும்பப் பிடிக்கும் எளிய பாத்திரம் இருந்தால் அதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். 2013-ல் ஏற்பட்டு 2017-ல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை இவர்களையும் கருதியது. இந்தியா 2018-ல் அதை ஏற்றது.

நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பாதரச நோயை அரசுக்குத் தெரிவித்தே தீரவேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. பட்டியலில் பெயர் இருப்பது ஒன்று. நோயை இனங்காணும் கண் இருப்பது மற்றொன்று. அனுமதிக்கத்தக்க அளவு என்று சொல்லப்படுவதும் நிலையானதன்று: அமெரிக்க வல்லுநர் சபையார் ஒரு காலத்தில் 0.1 மில்லிகிராம் என்றார்கள், பிறகு 0.05 ஆக்கினார்கள், பின்பு 0.025-க்கு இறக்கினார்கள். முந்திய அளவுக்குக் கட்டுப்பட்டு நடந்த ஆலையிலும் நரம்புகள் மெல்லக் கெட்டிருக்கக்கூடும் என்பதையே இந்த இறக்கம் காட்டுகிறது. ஆகவே காற்றை அளக்கும் கருவியை மாத்திரம் நம்பியிராமல், மனிதனையும் அளந்து வைக்கவேண்டும். பாதரசம் புழங்கும் வேலையில் ஒருவரைச் சேர்க்கும் நாளிலேயே அவரை ஒரு சுருள் வட்டம் வரையச் செய்து, நான்கு வரி எழுதச் செய்து, அந்தக் காகிதத்தில் தேதியிட்டு, அதன் பிரதி ஒன்றை அவரிடமே கொடுத்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதையே திரும்பச் செய்யலாம். இதற்கு வேண்டியது பேனாவும் காகிதமும், பத்து நிமிஷமும். இந்த ஏற்பாடு இல்லாத ஆலைகளிலும், சம்பளம் வாங்கும்போது மாதந்தோறும் பதிவேட்டில் இட்ட கையெழுத்துகள் இருக்கின்றன. வருஷக்கணக்கான அக்கையெழுத்துகளை வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிற்சாலை மருத்துவருக்கும், கேட்டுப் பெறத் தொழிலாளிக்கும் சட்டப்படி உரிமை அளிக்கவேண்டும்; ஆலை மூடிய பின்னரும் முப்பது ஆண்டுகளுக்கு அப்பதிவேடுகளை அழிக்கக் கூடாது.